எதிர்க்கட்சி மாமா நாற்காலியை நகர்த்திய நாள்

கடலூரில் ஏறி சிதம்பரத்தில் இறங்குவதற்குள் ஒரு ரயில் பெட்டி முழுவதையும் சண்டைக்கு இழுத்துவிடக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எனக்கு மாமாவாக வாய்த்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எதிர்க்கட்சி மாமா என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளே, அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லோரும் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார், அவ்வளவுதான்.

இந்த வியாதி அவருக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் கடலூர் முதுநகரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் வாசகசாலை இருந்தது. பட்டணத்திலிருந்து புதுப் புத்தகம் வந்தால் உடனே வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஒட்டியும் வெட்டியும் பேசி முடித்த பிறகுதான் கொடுப்பார்கள். ஒட்டிப் பேசுகிறவர்களுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு பெஞ்சு. வெட்டிப் பேசுகிறவர்களுக்கு எதிரே ஒரு பெஞ்சு. புத்தகம் சீக்கிரம் கைக்கு வரட்டும் என்று எல்லோரும் ஒட்டிப் பேசும் பெஞ்சிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள். வெட்டிப் பேச ஆளில்லாமல் புத்தகம் பீரோவில் பூட்டியே கிடக்கும். ஒருநாள் மாமா பாவம் பார்த்து எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனவன். ஞாயிறு ஒருநாள்தான் எனக்குப் படிக்க நேரம். அந்த நாளையும் மாமா தின்றுவிடுவார். ஊரே அழுது படித்த ஒரு நாவலில், மருமகளைக் கொடுமைப்படுத்திய மாமியார்தான் உண்மையில் பாவப்பட்டவள் என்று விளக்கு வைக்கும்வரை பேசினார். கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. நல்ல புத்தகம், யாருக்கும் மறுப்பு இல்லை. மாமா கோழிகள் சார்பாகப் பேசினார்.

வாசகசாலையோடு விட்டிருந்தால் போகட்டும் என்று இருந்திருப்பேன். அரிசித் தட்டுப்பாடு வந்த காலத்தில் ரேஷன் கடை வரிசையில் எல்லோரும் கோதுமையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா கோதுமைக்காகப் பேச ஆரம்பித்தார். எடை போடுகிறவர் தராசை விட்டுவிட்டு வெளியே வந்து கேட்டுக்கொண்டு நின்றார். வரிசை நகரவில்லை. வெயிலில் நின்றவர்கள் எல்லோரும், இவர் யார் வீட்டு மாமா என்று தேடி என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அதிகாரிகள் கூட்டம் போட்டுக் கோதுமையைப் புகழ்ந்தார்கள். மாமா அங்கே எழுந்து அரிசிக்காகப் பேசினார். மதுவிலக்கு நல்லது என்று ஊரே சொன்னபோது, வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளும் குடிக்காத மனிதர் கள்ளுக்கடைக்காரர்களுக்காக வாதாடினார். அதற்குப் பிறகு ஒரு கான்ஸ்டபிள் அடிக்கடி அவர் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

அத்தை மட்டும் எப்படித்தான் அவரோடு குடித்தனம் நடத்துகிறார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேவிட்டேன்.

"அது ஒண்ணும் கஷ்டமில்லப்பா. சாம்பார் வெக்கணும்னா, இன்னிக்கு ரசந்தான்னு சொல்லிடுவேன். சாம்பாருக்காக அவரே பேசி, அவரே போயி காய் வாங்கியாந்துடுவாரு" என்றார் அத்தை.

அந்த யோசனைதான் எங்களைக் கவிழ்த்தது.

என் தங்கை செல்வி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சிதம்பரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வரன் வந்தது. அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம், தங்கமான பையன். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணம் உடனே நடக்க வேண்டும், படிப்பு வேண்டாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். செல்வியை யாரும் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தவள், அதைத் திரும்பப் பரண்மேல் ஏற்றினாள்.

பெண் பார்க்க வரும்போது தாய்மாமன் இல்லாமல் முடியுமா? மாமா வந்து வாயைத் திறந்தால் கல்யாணம் நடக்குமா? அம்மா அத்தையின் வழியைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. வாசகசாலைக்குப் போய், இந்த இடம் எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை, எப்படித் தட்டிக்கழிப்பது என்று தெரியவில்லை என்று மாமாவிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சலவை ஜிப்பாவில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார். சேத்தியாத்தோப்பின் பெருமை, அரிசி மில்லின் பெருமை, பையனின் அடக்கம் என்று அவர் பேசப் பேச, மாப்பிள்ளையின் அப்பாவே கூச்சப்பட்டு நெளிந்தார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார்: "அப்புறம் என்னா, எல்லாருக்கும் சம்மதந்தானே?"

சந்தோஷத்தில் எங்களுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அப்பா, அம்மா, நான், பலகாரம் பரிமாற வந்த பக்கத்து வீட்டம்மா, எல்லோரும் ஒரே குரலில் "சம்மதம்" என்றோம்.

மாமாவின் பஜ்ஜி வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது. அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மெதுவாக எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், செல்வி நின்றிருந்த நிலைப்படி ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், எங்க போறீங்க? இங்க வந்து உக்காருங்க" என்றார் அப்பா.

"அங்க கூட்டம் ஜாஸ்தி மச்சான். இந்தப் பக்கம் பொண்ணு தனியா நிக்குது."

பிறகு பேசினார். இவ்வளவு நேரம் புகழ்ந்த அரிசி மில்லை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெண் இரண்டு வருஷம் படித்துவிட்டு வரட்டும், அதுவரை மில் எங்கும் ஓடிப்போகாது என்றார். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகத்தான் கேட்டார். முடிந்ததும் செல்வியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க மாமா சொல்றது அவரு பேச்சா, உன் பேச்சா?"

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் படிக்கணுங்க."

அவ்வளவுதான். போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. அப்பா மாமாவிடம் பேசுவதை நிறுத்தினார். அம்மா யாரிடமும் பேசவில்லை. எல்லோருக்கும் சேர்த்து என்னிடம் பேச மாமா மட்டும் தினமும் வந்தார். ஒருநாள், அப்பா கோபப்படுவதில் இருக்கும் நியாயங்களை எனக்கு விளக்கினார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

செல்வி படிக்கணும் என்று சொன்னது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அப்பாவுக்கு வேறு வழியில்லை. செல்வியைச் சிதம்பரம் அனுப்பச் சம்மதித்தார். ஸ்டேஷனுக்கு மாமாவும் வந்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஊதியது. அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எப்படியோ, நல்லதுதான் நடந்துருக்குது."

போச்சு, இனி இந்த மனிதர் படிப்பினால் வரும் கெடுதல்களை அடுத்த வண்டி வரும்வரை பேசுவார். மாமா வாயைத் திறந்தார். ஜன்னலில் இருந்த செல்வியின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம் மச்சான்" என்றார்.

வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகுகூட அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கரிப் புகை என்றார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.