கொக்கி வைத்த வீடு

இனி ஜென்மத்துக்கும் லாட்ஜில் தங்குவதில்லை. 2006 சித்திரையில் நான் எடுத்த சபதம் இது. காரணம் கன்னியாகுமரி. அங்கே மேனேஜரிடம் ரூம் வாடகை பேசி முடிப்பதற்குள் சூரியன் உதித்து முடித்துவிட்டது. தப்பு மேனேஜர் மேல்தான். ஆனால் என் மனைவி தேவகி ஆரணி வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, வீட்டையே வண்டியில் கொண்டுபோனால்? தறிக்குழியில் உட்கார்ந்து ஆரம்பித்து, பேரம் பேசியே பட்டுக்கடை வைத்தவன் நான். எவனிடமோ போய் ரூம் கேட்டு நிற்பதாவது.

செய்யார் ரோட்டில் வண்டிக்குப் பாடி கட்டும் லோகநாதனிடம் இரண்டு உருப்படி இருந்தன. ஒன்று, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே வைத்த வேன். இன்னொன்று, ரோடு போடும் கான்ட்ராக்டர் தங்கிய டிரெய்லர் அறை. என் ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கலாம்.

எனக்கு வேன்தான். ஸ்டியரிங் என் கையில், குடும்பம் என் முதுகுக்குப் பின்னால்.

“டிரெய்லரு காத்தோட்டமா கீதுங்க” என்றாள் தேவகி.

“வேன்தான். பேசாத.”

பேசவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

லோகநாதன் வேனுக்கு ஒரே விலை சொன்னான். கத்தினேன். துண்டை உதறினேன். கோபித்துக்கொண்டு ரோடு வரை போய்த் திரும்பினேன். பைசா இறங்கவில்லை. டிரெய்லரைக் கேட்டேன். சொன்னதில் பாதிக்கே கொடுத்துவிட்டான். பாதிக்கு இறங்கிய பொருளை விட்டுவிட்டு வர எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கொக்கி மாட்டும்போது வாயை விட்டான். “உங்க வூட்டு அக்காதாங்க டிரெய்லருக்கு மட்டும் ரெட்டிப்பா சொல்லச் சொன்னாங்க. நீங்க எதுவானாலும் பாதிதான் கேப்பீங்களாமே.”

இருபது வருஷ வியாபாரி, சொந்த வீட்டிலேயே போணியாகிவிட்டேன்.

போகட்டும், இந்தத் தடவை அந்தச் சூரியனை விடுவதில்லை என்று வைகாசியில் கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம். முதலில் படவேட்டில் அம்மன் தரிசனம். தேவகியின் தம்பி பலராமனும் குடும்பத்தோடு தன் ஜீப்பில் வந்திருந்தான்.

சாப்பாட்டுக்குத் தயிர் இல்லை, சந்தவாசல் போய் வாங்கி வாங்க என்றாள் தேவகி. டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு என் ஜீப்பில் போனேன். தயிர்க்காரி அநியாய விலை சொன்னாள். முக்கால் மணி நேரம் பேசி ஜெயித்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டைக் காணோம்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு கல்தான் கிடந்தன. திருடனா? பெண்டாட்டியையும் சேர்த்தா? செல்போனை எடுத்தேன்.

“எங்கடி கீறீங்க?”

“போளூர் தாண்டிப் போய்கினு கீறோம். பலராமன் ஜீப்புலயும் லோகநாதன் கொக்கி வெச்சிக் குடுத்தாருங்க. நீங்க கடையப் பாத்துக்குங்க. நாங்க சூரியனப் பாத்துட்டு வர்றோம்.”

செல்போனுக்குள்ளேயே கத்தினேன். “அடிப்பாவி, இதுக்கா டிரெய்லரு? வேன்ல என்னடி கொறச்சல்?”

“ஒரு கொறச்சலும் இல்லீங்க. ஆனா வேன்னா, உங்களக் கழட்டிவுட முடியாதே.”