கசிவு அடைப்புக் குழுவின் தலைவி

ஒரு காட்டில் புல்லை யாரும் தின்பதில்லை. புல் பார்ப்பதற்கு.

எல்லாம் மயிலால் வந்தது. நகரத்து ஓட்டல் ஒன்றின் வாசலில் கொஞ்ச காலம் உலாத்திவிட்டுத் திரும்பிய மயில், தன் மரத்தடியில் பச்சைப் புல்தரை போட்டது. அதைப் பார்த்து மான் போட்டது. மான் போட்டதால் முயல் போட்டது. பாதி வருஷம் தூங்கும் கரடிகூடக் குகை வாசலில் புல்லை விரித்து, ‘புல்லின் மேல் நடக்காதீர்’ என்று பலகை நட்டது. மான் பசித்தால் தன் வாசல் புல்லைப் பெருமையாகப் பார்த்துவிட்டு, மேய்வதற்கு மலைக்கு அந்தப் பக்கம் போய் வந்தது.

அந்தப் புல்லுக்கோ தீராத தாகம். சுனையிலிருந்து குழாய் இழுத்துக் காலையும் மாலையும் எல்லோரும் பாய்ச்சினார்கள். சுனையில் முழங்கால் அளவுதான் தண்ணீர் மிஞ்சியது. யானையின் முழங்கால் அல்ல, முயலின் முழங்கால்.

யானை மாணிக்கவேல் கூட்டம் கூட்டியது.

“குளிக்கப் போனேன். நகம்தான் நனைஞ்சுது. இப்படியே போனா அடுத்த மாசம் குடிக்கவும் இருக்காது” என்றது.

குழாய் வேலை பார்க்கும் குரங்கு செங்கோடன் எழுந்தது. “முதல்ல அந்த நாவல் மரத்தடி இணைப்பைப் பாருங்கண்ணே. ராப்பகலா ஒழுகுது. சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினா தீர்ந்தது. இப்பவே போறேன்.”

தவளை பவளக்கொடி நாவல் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒழுகலில் தேங்கிய குட்டையில்தான் அதன் பிள்ளைகள் இருந்தன. எல்லாம் வெறும் வால். ஒன்றுக்கும் கால் முளைக்கவில்லை. ஒழுகல் நின்றால் குட்டை காய்ந்துவிடும். சுனைக்கு மாற்றலாம் என்றால் அங்கே கொக்குகள். சபையில் சொல்லி அழலாம் என்றால் முன்வரிசையில் ஒரு கொக்கு.

தவளை ஒரே தாவாகத் தாவி நடுவில் வந்து விழுந்தது.

“பொறுங்கண்ணே! இவ்வளவு பெரிய காரியத்தை இப்படியா மொட்டையாச் செய்யறது? ஊர்ல எல்லாரும் திறப்பு விழா வைக்கிறாங்க. அடைப்பு விழா எவனாவது வெச்சிருக்கானா?”

சபை வாயைப் பிளந்தது. அந்த நிமிஷமே கசிவு அடைப்புக் குழு பிறந்தது. குரல் பெரிதாக இருந்ததால் தவளையே தலைவி. இனிக் காலையும் மாலையும் கூட்டம்.

முதல் கூட்டத்தில் அழைப்பிதழ். தலைமை யானை, அதில் தகராறு இல்லை. முன்னிலையில்தான் வந்தது.

“என் பேருக்கு மேல மயில் பேரா? பூச்சி பொறுக்கறவன் பேரா?” என்றது கரடி.

“நீ முழிச்சிருந்தாத்தானே முன்னிலை வகிக்க?” என்றது மயில்.

குரங்கு டியூப்பைக் கையில் சுற்றியபடி கேட்டது: “அக்கா, இவங்க பேசிட்டிருக்கட்டும். நான் போய்க் கட்டிட்டு ஓடி வந்துடட்டுமா?”

“நன்றியுரை யாருன்னே முடிவாகலை. அதுக்குள்ள என்ன தம்பி அவசரம்?”

கொக்கு இருமியது. “விழா நடக்கிற இடத்தை நான் ஒரு தடவை பார்வையிட்டு...”

“ஐயோ, நீங்கதான் வாழ்த்துரை! இன்னும் எழுத ஆரம்பிக்கலையா?” என்றது தவளை. கொக்கு அங்கேயே ஒற்றைக் காலில் நின்று முதல் வரியை யோசிக்கத் தொடங்கியது. அது கடைசிவரை கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பின்னங்கால் வந்த நேரத்தில் பேராபத்து வந்தது. கரடியும் மயிலும் சமாதானமாகிவிட்டன. “அகர வரிசைப்படியே போடுங்க, விடுங்க” என்று மயிலே சொல்லிவிட்டது. குரங்கு கிளம்பிவிட்டது.

“ரொம்பச் சந்தோஷம்” என்றது தவளை. “பேனர்ல யார் படம் பெருசு?”

கரடி திரும்பிப் பார்த்தது. மயில் தோகையை விரித்தது. குரங்கு திரும்பி வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்தது. கூட்டம் நடந்த நேரம்தான் தண்ணீர் பாய்ச்சும் நேரம். கூட்டத்தை விட்டு எவனும் எழவில்லை. எழுந்தால் பேரை எடுத்துவிடுவார்களே! புல் வெளுத்தது, பழுத்தது, செத்தது. அந்த இடத்தில் தும்பையும் துத்தியும் ஆவாரையும் யாரையும் கேட்காமல் முளைத்து, பனியைக் குடித்து வளர்ந்தன. கரடி வாசலில் ஆவாரம்பூவுக்குத் தேனீ வந்தது. கூட்டத்துச் சண்டையைப் பார்த்த களைப்பில் மான் தன் வாசல் துத்தியையே கடித்துப் பார்த்து, “அட!” என்றது. சுனையில் தண்ணீர் ஏறியது.

பிள்ளைகள் வால் சுருங்கி, நாலு காலும் முளைத்து, குட்டையை விட்டுக் குதித்துப் போய் ஆவாரை நிழலில் குடியேறின. அன்று மாலையே தலைவி அறிவித்தாள்: “ரெண்டு படமும் ஒரே அளவு. நாளைக்கு விழா.”

மேளம் கொட்ட, குரங்கு டியூப்பைக் கட்டியது. காது வரை முங்கிக் குளித்துவிட்டு வந்த யானை, தலைவிக்குப் பொன்னாடை போர்த்தியது. தவளை பொன்னாடைக்குள் காணாமல் போய், “நன்றி, நன்றி” என்று குரல் மட்டும் வந்தது.

பக்கத்துக் காட்டிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் ஒட்டகம் உருகிப்போனது. “சொட்டுத் தண்ணி செலவில்லாத தோட்டம்! கூட்டு முயற்சி! உங்களுக்கு எங்கள் அன்புப் பரிசு” என்று திரையை விலக்கியது.

புத்தம் புதுப் புல்விரிப்பு. சுருள் சுருளாக. கூடவே நீளமான குழாய்.

மயிலின் கழுத்து உயர்ந்தது. மான் வாய் ஊறாமல் ஆசையோடு பார்த்தது. கரடி தன் பழைய பலகையைத் தேடியது. ஆவாரை நிழலில் குட்டித் தவளைகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன.

பொன்னாடை அசைந்தது. ஓரத்தில் ஒரு தலை வெளியே வந்தது.

“அருமையான பரிசு! சும்மா விரிச்சா நல்லாவா இருக்கும்? விரிப்பு விழா வெச்சிடலாம். முன்னிலை யாரு?”

கரடியும் மயிலும் ஒன்றாக எழுந்தன. சுருள்கள் இன்றுவரை பிரிக்கப்படவில்லை.

நீதி: நல்ல காரியம் என்றால் யாரிடமும் சொல்லாமல் போய்ச் செய்துவிடுங்கள். கெட்ட காரியம் என்றால் உடனே குழு போடுங்கள். முன்னிலைக்கு இரண்டு பேரைப் போட மறக்காதீர்கள்.