மூன்றில் ஒரு பங்கு

அறுபதில் ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு ஏழு போனால் மீதி எவ்வளவு என்று மினா மூன்றாவது தடவையாகக் கழித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் விடை மாறவில்லை. பழக்கிடங்கில், பீச் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்கைப் போட்டிருந்தாள். கையில் பழச்சாறு பிசுபிசுத்தது.

அன்புள்ள எர்மீனியா பர்ரகான் என்று அவளுடைய முழுப் பெயரைப் போட்டு ஆரம்பித்த அந்தக் கடிதம், பட்டத்துக்கு வேண்டிய அறுபது பாட யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு யூனிட் குறைகிறது என்று கனிவாகத் தெரிவித்தது. இந்தக் கோடைப் பருவத்தில் அதை முடித்தால் பட்டம் கைக்கு வந்துவிடுமாம்.

ஐந்து வருடமாகப் பகலில் கிடங்கில் பழம் தரம் பார்த்து, சாயங்காலம் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் படித்தவள் மினா. பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடத்துக்கு ஆகும் பணத்தில் இங்கே ஒரு வருடமே படித்துவிடலாம். பாதிப் பாடத்தை இங்கே முடித்துக்கொண்டு நேராக மூன்றாம் வருடத்தில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வது என்பது அவளுடைய திட்டம். ஃப்ரெஸ்னோ நகரப் பக்கத்தில் அவளைப் போல ஆயிரம் பேர் போட்ட திட்டம்தான். உணவு அறிவியல் படிக்க ஆகஸ்ட் மாதத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை, அதற்குள் இந்தக் கல்லூரிப் பட்டம் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அவளுடைய நோட்டுப் புத்தகக் கணக்கில் அறுபத்திரண்டு யூனிட் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் மறுபடி கூட்டினாள். அறுபத்திரண்டு. இன்னொரு தடவை கூட்டியபோது அறுபத்தொன்று வந்தது. பயத்தோடு கூட்டியபோது ஐம்பத்தெட்டு.

ஒரு கோடையில் அத்தை வீட்டில் தங்கிக் கடலோரக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் எடுத்திருந்தாள். அங்கே செமஸ்டர் கிடையாது, வருடத்தை நாலாக வகுத்து நடத்துவார்கள். அந்த யூனிட்டை இந்த ஊர் யூனிட்டாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிடும். பின்னம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. கல்லூரிக்குத் தெரியாதது தனக்கு எப்படித் தெரியும் என்று நோட்டை மூடிவிட்டாள். தன்னை நம்புவதற்கு முன் அச்சடித்த எதையும் நம்புகிற பெண் அவள்.

மறுநாள் ஆலோசனை மேஜையில் உட்கார்ந்திருந்த மாணவன் கடிதத்தைப் படித்துவிட்டு, கடிதத்தில் இருப்பதையே திரும்பச் சொன்னான்.

"மூணுல ஒரு பங்கு மட்டும் எடுக்க ஏதாவது பாடம் இருக்கா?" என்று கேட்டாள் மினா.

"இருந்தா நான் அதையேதான் எடுத்திருப்பேன். இருக்கறதுலேயே சின்னது அரை யூனிட்டு. அதுலயும் இப்ப ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்றின் பெயர் 'உடல்நலத்துக்கான நடை'. வாரம் நாலு நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு, கல்லூரி ஓட்டப் பாதையில். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கிடங்குக்குள் நடக்கிறவள், நடக்கக் கற்றுக்கொள்வதற்குப் பெயர் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள்.

நிம்மதி வெள்ளிக்கிழமை வரை இருந்தது. வகுப்புக்குப் பதினைந்து பேர் சேராவிட்டால் ரத்து செய்யப்படும் என்று செய்தி வந்தது. இதுவரை சேர்ந்தவர்கள் ஆறு பேர்.

மினா நோட்டில் ஒன்பது கோடு போட்டுக்கொண்டு ஆள் பிடிக்கக் கிளம்பினாள். கிடங்கில் கூட வேலை பார்க்கும் ஐந்து பெண்களிடம் பாடம் முடியும்வரை தானே காரில் கூட்டிப்போய்க் கூட்டி வருவதாகச் சத்தியம் செய்தாள். எதிர்வீட்டுத் தம்பதியிடம் கல்லூரிக் குளியலறையில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்று வர்ணித்தாள். தாய்மாமன் ரோசெந்தோ லாரி ஓட்டுகிறவர். சர்க்கரை ஏறியிருக்கிறது, நட என்று மருத்துவர் இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார்.

"மருத்துவர் சும்மா சொன்னாரு, நடக்கல. நீ காசு கட்டி நடக்கச் சொல்றே," என்றார் மாமா. "சரி, காசு கட்டினாத்தான் எனக்கும் ரோஷம் வரும்."

பதினைந்தாவது ஆளுக்கு வேறு வழி இல்லாமல் அம்மாவிடம் வந்தாள். அம்மா வீட்டிலேயே பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அப்போது ஒன்றுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே இன்னொன்றை ஜன்னலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"குழந்தை பாத்துக்கற லைசென்ஸைப் புதுப்பிக்கணும்னு வருஷா வருஷம் அந்தக் காலேஜுக்கு ஓடினேன். குழந்தை ஏன் கடிக்குதுன்னு ஒரு பாடம், ஏன் கடிக்கலைன்னு நீ படிச்ச கடலோரக் காலேஜுல போயி ஒரு பாடம். நடக்கத் தெரியலைன்னு மட்டும் யாரும் சொல்லல. இப்ப நீ சொல்றே."

"ஆறு வாரம்தான்மா. நீ வரலைன்னா எனக்கு யுனிவர்சிட்டி இல்ல."

அம்மா அந்தக் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, தன் பழைய மாணவர் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

வகுப்பு பிழைத்தது. பிழைத்த வகுப்பைக் கெடுத்தவர் ரோசெந்தோ மாமா. மாணவர் அட்டை இருந்தால் பேருந்தில் இலவசம் என்ற உண்மையை அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் தமாலேக் கொழுக்கட்டை விற்கும் இடத்தில் வைத்து உரக்கச் சொல்லிவிட்டார். திங்கள் காலைக்குள் இருபத்தைந்து இடமும் நிரம்பி, காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று முளைத்து வளர ஆரம்பித்தது. மினா கவலைப்படவில்லை. அவள் இடம் முதலிலேயே பதிவானது. இருந்தும் தூங்குவதற்கு முன் இரண்டு தடவை கணினியைத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அடுத்த திங்கள், வகுப்பின் முதல் நாள், நூற்றாறு டிகிரி வெயில். செய்த சத்தியப்படி ஐந்து பெண்களையும் மினா வீடு வீடாகப் போய் ஏற்றினாள். ஒருத்திக்குத் தொப்பி அகப்படவில்லை. எல்லாரையும் வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடி மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினாள். ஓடி வந்து சேர்ந்தபோது ஆறு மணி எட்டு நிமிஷம்.

பயிற்சியாளர் வாங் பேர்ப்பட்டியல் செருகிய பலகையோடு நின்றார். ஒல்லியான ஹ்மாங் இனத்து மனிதர். கழுத்தில் விசில். முதல் நாள் பேர் வாசிக்கும்போது இல்லாதவர்களை நீக்கிவிட்டுக் காத்திருப்பவர்களை ஏற்றுவது கல்லூரி விதி. அந்த விதியை விசிலைப் போலவே அவர் கழற்றியதே இல்லை.

"எர்மீனியா பர்ரகான்னு ரெண்டு தடவை அச்சாகியிருந்தது," என்றார். "கூப்பிட்டேன், இந்த அம்மா உள்ளேன்னு சொன்னாங்க. இன்னொண்ணு கம்ப்யூட்டர் பண்ணின தப்புன்னு அடிச்சுட்டேன்."

மினாவின் அம்மா முதல் வரிசையில் நின்று கையசைத்தாள். அவள் பெயரும் எர்மீனியா பர்ரகான்தான். மூத்த பெண்ணுக்குத் தாயின் பெயரை வைக்கும் வழக்கத்தில் பாட்டி அம்மாவுக்கும், அம்மா மினாவுக்கும் வைத்தது.

"அது தப்பு இல்ல சார். அது நான்."

வாங் அவளை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த பலகையைத் தட்டினார். அடித்த பெயரின் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து முதல் ஆள் தானாக ஏறிவிட்டார், இனி யாராவது தம் இடத்தை அவளுக்கென்று எழுதிக் கொடுத்து விலகினால்தான் உண்டு, வெள்ளிக்கிழமை நண்பகல் கடைசி என்றார். நல்ல மனிதர்தான், குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பலகையில்தான் இடம் இல்லை.

ஏறிக்கொண்ட முதல் ஆள் யார் என்று மினா பார்த்தாள். பங்குத் தந்தை அனக்ளேத்தோ. அங்கிக்குக் கீழே புத்தம்புதிய வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு, உடம்பை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று செவ்வாய்க்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தாள். புதன்கிழமை கேட்டேவிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டு, அவளுக்காக ஜெபிப்பதாக வாக்குக் கொடுத்தார். இடத்தைக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. பத்து கிலோ குறைக்காவிட்டால் மலைமேல் இருக்கும் ஆலயத்துக்கு மாற்றிவிடுவதாக ஆயர் சொல்லியிருந்தாராம்.

தொப்பி தொலைத்த பெண்ணிடம் கேட்டாள். இப்போதுதான் தொப்பி வாங்கியிருக்கிறேன் என்றாள் அவள். எதிர்வீட்டுக்காரர் தம் மனைவியை விலகச் சொல்லலாம் என்றார், மனைவி அவரைச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. ரோசெந்தோ மாமா தம் விரல் நுனியைக் காட்டினார்.

"இங்க குத்திப் பாத்தேன். ரெண்டே நாள்ல இருபது புள்ளி இறங்கியிருக்கு. என்னை விலகச் சொல்றது சரியா, நீயே சொல்லு."

சரியில்லை என்று அவளுக்கே பட்டது. கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த ஒன்பது பேரில் ஒருவரும் இப்போது விலகத் தயாராக இல்லை. ஐந்து பெண்களை ஏற்றிப் போய் இறக்கிவிடும் வேலை மட்டும் சத்தியப்படி அவளிடமே இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து, ஊரே வட்டமாக நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எல்லாருக்கும் முன்னால் கையை வீசி நடந்தாள் அம்மா. பாதிரியாரை ஒரு சுற்று முந்தியிருந்தாள்.

அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா பேச்சை எடுத்தாள்.

"வாங் சார் இன்னிக்கு என்னைத்தான் முன்னால போகச் சொன்னாரு. இருபது வருஷமா குழந்தைங்க பின்னாலேயே ஓடினவ நான். முன்னால நடந்தது இதான் முதல் தடவை." பீன்ஸ் கிண்ணத்தை மினா பக்கம் தள்ளினாள். "காலைல பத்து மணிக்கு ஆபீஸ் போயிடுவோம். எழுதிக் குடுத்துடறேன்."

"உனக்குப் பிடிச்சிருக்கேம்மா."

"பிடிச்சதையெல்லாம் கையில வெச்சுக்கவா உன்னைப் பெத்தேன். சாப்பிடு, ஆறிடும்."

மினா சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் வரிசை வாசல் வரை நின்றது. பதினொன்றே முக்காலுக்கு ஜன்னலை அடைந்தார்கள். அந்தப் பக்கம் திருமதி சிரானுஷ் இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்து மாட்டியவர், முப்பது வருடமாக அதே நாற்காலி. அம்மா விலக வேண்டும், அந்த இடத்தில் மகளைச் சேர்க்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் என்று மினா ஒரே மூச்சில் சொன்னாள். மறந்துவிடக் கூடாது என்று எழுதிக் கொண்டுவந்த துண்டுச் சீட்டையும் உள்ளே நீட்டினாள்.

"முதல்ல உங்க எண்ணைச் சொல்லுங்கம்மா. சேர்க்க முடியுமான்னு பார்த்துட்டு அப்புறம் அவங்களை எடுக்கறேன்," என்றார் திருமதி சிரானுஷ்.

மினா எண்ணைச் சொன்னாள். அவர் தட்டினார், நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உங்களைச் சேர்க்க முடியாதும்மா."

மினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் மே மாசமே படிச்சு முடிச்சிட்டீங்களே. அறுபத்திரண்டு யூனிட்டு, மேல சில்லறை. பட்டம் குடுத்தாச்சு, யுனிவர்சிட்டிக்கும் அனுப்பியாச்சு. அவங்க வாங்கிக்கிட்டதா பதிலும் வந்திருக்கு."

அறுபத்திரண்டு. நோட்டில் முதல் தடவை வந்த அதே அறுபத்திரண்டு. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வெளியே போனது. ஜன்னல் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்சம் கண்ணீரும் வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். ஆகஸ்டில் போகப் போகிறாள். போயே விடப் போகிறாள்.

கொஞ்சம் தெளிந்ததும் பைக்குள் கையை விட்டு, சாறு காய்ந்து கறுத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். அப்படியானால் இதை எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாள். திருமதி சிரானுஷ் மூலையில் பொடி எழுத்தில் இருந்த மாணவர் எண்ணை விரலால் தடவிப் படித்தார், தட்டினார்.

அம்மாவுக்கு அதுவரை அடக்கியிருந்த கோபம் வந்துவிட்டது.

"நீதான் முடிச்சிட்டியாமே. அப்ப ஒரு காரணமும் இல்லாம, இந்த வெயில்ல, சாமியாரைக் கூட விடாம ஊரையே நடக்க விட்டியாடி?"

திருமதி சிரானுஷ் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, முதல் தடவையாக அம்மாவை நேராகப் பார்த்தார்.

"காரணம் இருக்கும்மா, நீங்க மட்டும் தயவுபண்ணி விலகிடாதீங்க, இந்தக் கடிதம் உங்களுக்கு வந்தது, டிகிரிக்கு மூணுல ஒரு பங்கு குறையறது உங்களுக்குத்தான்."