மூடிமேல் ஒரு பட்டதாரி

உலக அறிவியல் வரலாற்றில் மலேசியாவின் அசாம் ஜாவா என்ற சிற்றூருக்கு உரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

அங்கே, விஜயராணி அம்மாளின் சமையல் குசினிக்குப் பின்னால், பதினான்கு வயது நிரம்பிய ஒரு துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. மேலே மூடி திறக்கும் ரகம். குடும்பம் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த வருடம் வாங்கியது. இப்போது வருகிற இயந்திரங்கள் நான்கே வருடத்தில் கெட்டுப்போய் நின்றுவிடுகின்றன. இது பதினான்கு வருடமாகக் கெட்டுக்கொண்டே ஓடுகிறது. அந்தக் காலத்துத் தரம் அப்படி.

முதலில் பொத்தான்கள் போயின. சாப்ஸ்டிக் குச்சியால் குத்தினால் வேலை செய்தன. பிறகு தண்ணீர் தானாக நிற்கும் பழக்கத்தை விட்டது. குழாய் அருகே ஆள் காவல் நின்றது. கடைசியாக, துணி பிழியும் சுழற்சி வந்ததும் இயந்திரம் நடக்கத் தொடங்கியது. ஒருநாள் குசினி வாசல்வரை வந்து, வயர் எட்டாததால் நின்றது. விஜயராணி எலுமிச்சம்பழம் அறுத்து நான்கு மூலையிலும் வைத்தார். இயந்திரம் அவற்றை மிதித்துக்கொண்டு நடந்தது.

அப்போதுதான் அறிவியல் தலையிட்டது. மகள் தனுஜா இயற்பியல் பட்டதாரி. எல்லாம் தெரியும், வாய் திறப்பதில் மட்டும் கொஞ்சம் சிரமம். டார்ச் அடித்துப் பார்த்து, கால் மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். உள்தொட்டியை நான்கு மூலையிலும் தாங்கும் கம்பிகளில் ஒன்று போய்விட்டது. மாற்றினால் தீர்ந்தது. கோல சிலாங்கூரில் பழுது பார்க்கும் சிவநேசனின் எண் ஐஸ் பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஆனால் அவருக்குப் போன் செய்து பேச வேண்டும்.

பேச வேண்டியதைத் தாளில் எழுதினாள். மூன்று முறை ஒத்திகை பார்த்தாள். அழைத்தாள். அவர் "ஹலோ" என்றார். ஒத்திகையில் அது இல்லை. வைத்துவிட்டாள். அவர் திரும்ப அழைத்தபோது கைப்பேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டாள். அம்மாவிடம் சொல்லலாம்தான். "அப்ப நீயே போன் பண்ணு" என்பார்.

ஆகவே தனுஜா ஒரு "மாற்றுத் தீர்வை" அறிமுகப்படுத்தினாள். சுழற்சி நேரத்தில் மூடிமேல் ஒருவர் உட்கார வேண்டும். ஆட்கள் முறைப்படி பரிசோதிக்கப்பட்டனர். அப்பா அப்பளசாமி உட்கார்ந்ததும் மூடி வளைந்தது. தம்பி ஜீவன் உட்கார்ந்தபோது இயந்திரம் அவனையும் சுமந்துகொண்டு நடந்தது. தனுஜாவின் நாற்பத்தெட்டு கிலோ மட்டுமே பொருந்தியது. பட்டம் வாங்கியும் வெளியே கிடைக்காத இருக்கை வீட்டிலேயே கிடைத்தது.

"எங்க பிள்ள சைன்ஸ் படிச்சவ. அவ உக்காந்தாதான் மெஷின் நிக்குது," என்று விஜயராணி பக்கத்து வீட்டு ரூபினியிடம் பெருமைப்பட்டார். ரூபினி தன் மகனை அறிவியல் பிரிவில் சேர்க்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

இப்படியே இரண்டு வருடம் சுழன்றது. அதற்குள் தனுஜா பதினொரு நேர்காணல்களுக்குப் போய், பதினொன்றிலும் பெயரைச் சொன்னதோடு நின்றுவிட்டாள். பன்னிரண்டாவது, ராவாங்கில் ஆஸ்பத்திரிகளுக்கு ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. இதுவும் போனால், கிள்ளானில் சித்தியின் துணிக்கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைக் கூவி அழைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

நேர்காணல் வியாழக்கிழமை பத்து மணிக்கு, வீடியோவில். அந்த வாரம் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. வியாழன் காலையில் வந்தது. மத்தியானம் மறுபடி நின்றுவிடும் என்றார்கள். அப்பளசாமிக்கு இரண்டு மணி ஷிப்ட், யூனிபாரம் அழுக்கு. விஜயராணி மூன்று நாள் துணியையும் போட்டு ஓடவிட்டார். சரியாகப் பத்து மணிக்குப் பிழியும் சுழற்சியும் வந்தது, அழைப்பும் வந்தது.

"அம்மா, இன்டர்வியூ," என்றாள் தனுஜா.

"உக்காந்துக்கிட்டே பேசு லா. நின்னுக்கிட்டுப் பேசணும்னா சொன்னாங்க?"

உட்கார்ந்தாள். திரையில் முகுந்தன் என்ற அதிகாரி தெரிந்தார். அவருக்குத் தனுஜா எப்படித் தெரிந்தாள் என்பது வேறு விஷயம். அவள் தலை, தாடை, பெயர், எல்லாமே நடுங்கின. அவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

"பயப்படாதீங்க, தங்கச்சி."

"பயம் இல்ல சார். நிமிஷத்துக்கு எழுநூறு சுத்து."

அவர் விளக்கம் கேட்டார். தனுஜா விளக்கினாள். கம்பிகளையும் எடைச் சமநிலையையும் மூடியின் தாங்குதிறனையும் பற்றி நான்கு நிமிடம் பேசினாள். அவள் ஆயுளிலேயே அதுதான் நீளமான பேச்சு. இயந்திரம் அதிர்ந்ததால் நிறுத்தத் தெரியவில்லை.

"கம்பிதான் காரணம்னு எவ்வளவு நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷமா சார்."

"வீட்ல சொல்லலியா?"

"யாரும் கேக்கல சார்."

பின்னால் வாளியோடு நின்ற விஜயராணி வாளியைக் கீழே வைத்தார். "அப்ப நான் எதுக்குடி இத்தன பழத்த அறுத்தேன்?"

சுழற்சி முடிந்தது. நடுக்கம் நின்றதும் தனுஜாவுக்கு உண்மையாகவே பயம் வந்தது. கிள்ளான் கடை வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. "சாரி சார்," என்றாள்.

முகுந்தன் ஏதோ எழுதி, அடிக்கோடு போட்டார்.

"எதுக்கு சாரி? பழுத கண்டுபிடிச்சிட்டீங்க. ரெண்டு வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மெஷினும் நிக்கல, கம்ப்ளெயிண்டும் வரல." அவர் திரைக்கு நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டைய கண்டுபிடிக்க எங்ககிட்ட ஆள் நெறைய இருக்காங்க, தங்கச்சி. கண்டுபிடிச்சிட்டு அதுமேல உக்கார்ற ஆளுதான் கெடைக்கல. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சொல்வதற்குத் தனுஜாவிடம் ஒன்று இருந்தது, ஆஸ்பத்திரிகளைப் பற்றி. ஒரே வாக்கியம்தான். ஒத்திகைகூடத் தேவையில்லை.

"திங்கட்கிழமை வேலைக்கு வரேன் சார்," என்றாள்.