லேபுக்கும் வார்டுக்கும் நடுவில் நான்

நான் சமாதானம் செய்துவைத்த இரண்டு பேர் இன்றுவரை ஒற்றுமையாக இருக்கிறார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் பாராட்டுவார்கள். அது எப்படி நடந்தது என்று அடுத்த கேள்வி வருவதற்குள் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று மாற்றப்போவதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியில் எச்.ஆர். அதிகாரி. அதிகாரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அந்தத் துறையில் மொத்தமே ஒரு ஆள்தான். பிறந்தநாளுக்கு கேக் சொல்வது, வருகைப்பதிவு மிஷினில் விரல் பதியாதவர்களுக்கு விரலைத் துடைத்துவிடுவது, டூட்டி ஷீட் போடுவது எல்லாம் நான்தான். என் அம்மா வயதில் இருப்பவர்கள்கூட என்னை மேடம் என்பார்கள். முதல் மாதம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. மூன்றாவது மாதம் யாராவது மேடம் போடாமல் பேசினால் கோபம் வர ஆரம்பித்தது.

சண்டை ஸ்டெல்லா சிஸ்டருக்கும் குணசேகரன் சாருக்கும்.

ஸ்டெல்லா சிஸ்டர் முதல் மாடி வார்டின் பொறுப்பாளர். பல்லாவரத்துக்காரர். பிறந்து மூன்று நாளான குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். குணசேகரன் சார் தரைத்தளத்தில் இருந்த லேபுக்குப் பொறுப்பாளர். பொழிச்சலூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். சொந்த வீடு, வாடகைக்கு விட்ட இரண்டு போர்ஷன் எல்லாம் உண்டு. "நான் வேலைக்கு வரணும்னு அவசியமே இல்ல மேடம். சும்மா வூட்ல குந்திகினு இருக்க பிடிக்கல, வர்றேன்" என்று சம்பள நாளன்று தவறாமல் சொல்வார்.

காலையில் வார்டில் எடுக்கும் ரத்தம் லேபுக்குப் போகும். அதில் நாலைந்து குழாய்கள் உடைந்துபோன ரத்தமாக இருக்கும். அதாவது அணுக்கள் சிதைந்து மேலே நிற்கும் நீர் சிவந்துவிடும். அதை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. குணசேகரன் சார் 'மறுபடி எடுக்கவும்' என்று துண்டுச் சீட்டு அனுப்புவார். சிஸ்டர் நோயாளியை மறுபடி குத்துவார். முன்பெல்லாம் எப்போதாவது நடந்தது. அந்த இரண்டு மாதமாகத் தினமும் நடந்தது.

துண்டுச் சீட்டுகளை நான் பின்னால் வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் 'மறுபடி எடுக்கவும்.' இரண்டாவது வாரம் 'மறுபடி, சரியாக எடுக்கவும்.' அதன் கீழே சிஸ்டரின் கையெழுத்தில், 'சரியாகத்தான் எடுத்தது, சரியாகப் பார்க்கவும்.' நாலாவது வாரம் 'கண் நன்றாகத் தெரிகிறது.' அதற்குப் பதில், 'சந்தோஷம்.' அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. லிஃப்டில் ஒருவர் இருந்தால் மற்றவர் படியில் ஏறினார்.

ஒரு திங்கட்கிழமை, காய்ச்சலுக்காகப் படுத்திருந்த திருநீர்மலைப் பெரியவர் ஒருவரை ஒரே காலையில் மூன்று முறை குத்த வேண்டியதாகிவிட்டது. அவருடைய மகன் ரிசப்ஷனில் நின்று கத்தினார். அன்று மதியம் ஸ்டெல்லா சிஸ்டர் ராஜினாமா கடிதத்தை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டார்.

டாக்டரம்மாதான் ஆஸ்பத்திரியின் முதலாளி. பிரசவம் பார்ப்பவர், அதனால் எதற்கும் பதறமாட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா போனா வார்டை யாரு பாக்கறது? நீ பாப்பியா?"

"இல்ல மேம்."

"அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள இதை முடி."

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. (ஆமாம், மகிழ்ச்சிதான். வெட்கமாகத்தான் இருக்கிறது.) ஏனென்றால் பத்து நாள் முன்புதான் கிண்டியில் ஒரு ஓட்டலில், பணியிடத்தில் வரும் சண்டைகளைத் தீர்ப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். 'முதலில் இருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். அவர்களுடைய வருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பக்கம் சாயாதீர்கள்' என்று பயிற்சியாளர் சொன்னார். என் நோட்டில் முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும் இருக்கின்றன. மூன்றாவதைச் சொல்லும்போது சாப்பாட்டு ஹாலைத் திறந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டரை கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"இருபது வருஷமா ஊசி போடறேன் மேடம். என்னைப் போயி சரியா எடுன்னு சீட்டு எழுதறாரு" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க சொல்றதுதான் கரெக்ட் சிஸ்டர். லேப்ல கொஞ்சம் அலட்சியம் இருக்கு, எனக்கே தெரியும். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சமாதானம் செய்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை அதே கேன்டீன், அதே மேஜை, குணசேகரன் சார்.

"இன்னா மேடம் இது, பேஜாரா கீது. கெட்டுப்போன சாம்பிளை வச்சி நான் ரிசல்ட் குடுக்க முடியுமா? தப்பா குடுத்தா டாக்டரு தப்பா மருந்து எழுதுவாங்க. பேஷன்ட்டுக்கு எதனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. "நீங்க சொல்றதுதான் கரெக்ட் சார். வார்டுல அவசரம் ஜாஸ்தி, எனக்கே தெரியும். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றேன். அவரும் நெகிழ்ந்துபோனார். நான் நேராக டாக்டரம்மாவிடம் போய், "கிட்டத்தட்ட முடிஞ்சுது மேம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டுப் பேச்சு. காலியாக இருந்தது உணவு ஆலோசனை அறை ஒன்றுதான். மேஜைமேல் பிளாஸ்டிக் இட்லி, பிளாஸ்டிக் வடை, பிளாஸ்டிக் மாதுளை. எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று நோயாளிகளுக்குக் காட்டுவதற்காக வைத்தவை. நாற்காலிகளைப் பயிற்சியில் சொன்னபடி எதிரெதிராக இல்லாமல் சற்றுச் சாய்த்துப் போட்டேன். கண்ணைத் துடைக்க டிஷ்யூ பெட்டிகூட வைத்தேன்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது. அவங்க முடிச்சதும், அவங்க என்ன சொன்னாங்களோ அதை நீங்க திருப்பிச் சொல்லணும்" என்று விதியை விளக்கினேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தபடி தொடங்கினார். "வார்டுலேர்ந்து சாம்பிள் நல்லாத்தான் போகுது."

"சார், இப்போ நீங்க."

"வார்டுலேர்ந்து சாம்பிள் நல்லாத்தான் வருதுன்னு சொல்றாங்க" என்றார் சார், பிளாஸ்டிக் இட்லியைப் பார்த்து. "பொய்."

"சார், கடைசி வார்த்தை வேண்டாம்."

"நானா மேடம் சொல்றேன்? நீங்களே நேத்து சொன்னீங்களே, வார்டுல அவசரம் ஜாஸ்தின்னு."

சிஸ்டர் மெதுவாகத் திரும்பினார். என் பக்கம் இல்லை, அவர் பக்கம். இரண்டு மாதத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பேசினார்.

"மேடமா சொன்னாங்க?"

"ஆமா."

"எங்கிட்ட லேப்ல அலட்சியம்னு சொன்னாங்க. எனக்கே தெரியும்னாங்க."

"என்கிட்டயும் எனக்கே தெரியும்னாங்க."

"எப்போ?"

"நேத்து. டீ வாங்கிக் குடுத்துட்டு."

"எனக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்க."

"நீங்க சொல்றதுதான் கரெக்ட்னாங்களா?"

"ஆமா. நமக்குள்ள இருக்கட்டும்னாங்க."

இருவரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். பயிற்சியில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. நான் டிஷ்யூ பெட்டியை நடுவில் நகர்த்தினேன். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நானே ஒன்று எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள்.

"சிஸ்டர், நீங்க ரத்தம் எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

"ஆறரைக்கெல்லாம் முடிச்சிடுவேன் சார்."

"எனக்கு எட்டே முக்காலுக்குத்தான் வந்துகினு இருக்கு."

"எட்டே முக்காலா? அதுவரைக்கும் ஜன்னல் ஓரம் வெயில்லதான் இருக்கும். முன்னாடில்லாம் அட்டெண்டர் தேவி ஏழு மணிக்கே கையில எடுத்துட்டுப் போயிடுவா. இப்ப அவளை ரிசப்ஷன்ல போட்டுட்டாங்க. அழுக்குத் துணி வண்டி கீழ போகும்போது அதுல வச்சு அனுப்பறோம்."

"அந்த ஒத்தச் சக்கரம் குதிக்குமே, அந்த வண்டியா? சாய்தளத்துல வரப்பவே தடதடன்னு சத்தம் கேக்குமே. அதுலயா என் சாம்பிள் வருது?" குணசேகரன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "தேவிய யாரு மாத்துனது?"

சிஸ்டர் என் பக்கம் கண்ணைக் காட்டினார்.

டூட்டி ஷீட்டை மாற்றியது நான். இரண்டு மாதம் முன்பு. காலையில் அந்த அட்டெண்டர் பெண் மாடியில் சும்மா நிற்கிறாள் என்று நானே முடிவு செய்து அவளை ரிசப்ஷனுக்கு இறக்கினேன். அவள் கையில் என்ன எடுத்துப்போகிறாள் என்று ஒரு நாளும் மேலே போய்ப் பார்த்ததில்லை. அந்த மாற்றத்துக்காக டாக்டரம்மா என்னைப் பாராட்டிக்கூட இருந்தார்.

"இப்போ நாம மூணு பேரும் சேர்ந்து ஒரு தீர்வு..." என்று தொடங்கினேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா மேடம்?" என்றார் சிஸ்டர், ரொம்ப மரியாதையாக. "நாங்க பேசிக்கிறோம்."

சமாதானப் பேச்சிலிருந்து சமாதானம் செய்பவரையே வெளியே அனுப்பிய வரலாறு வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். அந்த வழியாக வந்த சர்க்கரை நோயாளி ஒருவர், அறை வாசலில் நின்றதால் என்னை உணவு ஆலோசகர் என்று நினைத்துவிட்டார். "காலையில ஆறு இட்லி சாப்பிடறேன், தப்பில்லல்ல மேடம்?" என்று கேட்டார். நீங்க சொல்றதுதான் கரெக்ட் என்பது தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, டாக்டரைக் கேளுங்கள் என்றேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

இருபது நிமிடம் கழித்து இருவரும் ஒரு தாளுடன் வெளியே வந்தார்கள். டாக்டரம்மாவுக்குக் கடிதம். வார்டும் லேபும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் கடிதம் அந்த ஆஸ்பத்திரியில் அதுதான். தேவியைக் காலை ஏழு மணிக்கு மறுபடி மாடியில் போட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. இனிமேல் எச்.ஆர். மேடம் எது பேசுவதானாலும் இருவரையும் ஒன்றாக வைத்துத்தான் பேச வேண்டும் என்பது இரண்டாவது.

டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். ஒரு பக்கம் அவர்கள் இருவர், எதிர்ப்பக்கம் நான். "உண்மையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். சிஸ்டர் தன் ராஜினாமாக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும், "வாங்க, அந்தப் பெரியவரையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று சிஸ்டர் என்னை மாடிக்கு அழைத்துப்போனார். திருநீர்மலைப் பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது முழங்கையில் மூன்று பஞ்சு ஒட்டு. என்னைக் கண்டதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வலது கைச் சட்டையை மடித்துவிட்டு கையை நீட்டினார்.

"இந்தக் கையில எடுத்துக்கம்மா. அது கொஞ்சம் வலிக்குது" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரத்தம் எடுக்க வரவில்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. "இவங்க சாரி சொல்ல வந்திருக்காங்கய்யா" என்று சிஸ்டர்தான் சொன்னார். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லம்மா என்றார்.

ரிசப்ஷனுக்கு வேறு ஆள் பார்த்து தேவிக்கு டூட்டி மாற்றிக் கொடுக்க ஒரு வாரமானது. அந்த ஒரு வாரமும் நானே கீழ்க்கட்டளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஏழு மணிக்குக் குழாய்த் தட்டை லேபுக்கு எடுத்துப்போனேன். குணசேகரன் சார் படிக்கட்டடியில் நின்று, "ஆட்டாம புட்சிகினு வாங்க மேடம்" என்பார். ஒரு குழாய்கூடக் கெடவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் மாமியாருக்கு இருபுறமும் உட்கார்ந்து இந்தக் கதையை ஆளுக்குப் பாதியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பலனை பம்மலில் புகுந்த வீட்டில் இன்றும் அனுபவிக்கிறேன். போன மாதம் மாமியாருக்கும் என் கணவருக்கும் பிரிட்ஜை ஹாலில் வைப்பதா சமையலறையில் வைப்பதா என்று பெரிய வாக்குவாதம். நான் தண்ணீர் குடிக்கத்தான் போனேன். மாமியார் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"டேய், அவ வர்றா. சட்டுனு நாமளே பேசி முடிச்சுக்கலாம்."