ஏழாம் நம்பர் தடை

கவலைப்படுகிற மனிதன் எதையும் கெடுத்துவிட மாட்டான், எல்லாவற்றையும் இரண்டு தரம் யோசித்துத்தான் செய்வான் என்று பலர் நம்புகிறார்கள். நம்பாதீர்கள். என் வாழ்க்கையில் நான் கெடுத்த காரியங்கள் எல்லாமே உட்கார்ந்து நன்றாகக் கவலைப்பட்டு, அப்புறம் கெடுத்தவைதான். அலட்சியமாகச் செய்தவை ஓரளவு பிழைத்துக்கொண்டன. (கல்யாணம் அதில் ஒன்று. சரசுவைப் பெண் பார்க்கப் போன அன்று எனக்குக் காய்ச்சல். கவலைப்படத் தெம்பில்லை.)

எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூருக்கு வடக்கே மலைமேல், கோலா தெர்லா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு விஷம் அடித்துக்கொண்டே மலையேற வேண்டும். என் பம்பு ஒழுகும். சட்டை நனைந்து, நாறிப்போய் வீடு திரும்புவேன். சரசுவுக்கு அப்போது ஆறு மாசம். அந்த நாற்றம் வயிற்றுப் பிள்ளைக்கு ஏறிவிடுமோ என்று லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலிலேயே, அந்தக் குளிரில், சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பேன். பிறகு எனக்குச் சளி பிடித்து, அது பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்று கவலைப்படுவேன். எப்படியாவது இந்தப் பம்பை முதுகிலிருந்து இறக்கிவிட வேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அப்போதுதான் மீன் இலாகாவிலிருந்து குணா சார் வந்தார். ஈப்போ டவுன் ஆள். என் வயசுதான் இருக்கும், ஆனால் நிம்மதியான முகம். ஓடைகளில் கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரை ‘யார் போறது?’ என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் பயத்தில் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அப்படிக் கிடைத்தது எனக்கு அந்த வேலை.

வேலை இதுதான். தெங்காஸ் என்று ஒரு மீன், பெரிய பெரிய செதிலோடு, கீழே ஆற்றில் இருக்கும். மழை பிடித்ததும் முட்டையிடுவதற்காகச் சின்ன ஓடைகளில் எதிர்நீச்சல் போட்டு மேலே வரும். எதுவரை வருகிறது, எங்கே கூழாங்கல்லில் முட்டையிடுகிறது, வழியில் எது மறிக்கிறது என்று பார்த்து ஒரு பெரிய வரைபடத்தில் குறிக்க வேண்டும். மீன் கண்ட இடத்துக்கு நீலப் பென்சில், முட்டையிடும் இடத்துக்குப் பச்சை, தடைக்குச் சிவப்பு. சிவப்புக்கு மட்டும் நம்பர் உண்டு.

நான் மூணாங் கிளாசோடு நின்றவன். அடிக்கணக்கு, அங்குலக்கணக்கு எல்லாம் எனக்கு வராது. அதனால் எனக்குத் தெரிந்த அளவில் நோட்டில் எழுதினேன்.

“இது என்ன மாணிக்கம்? ‘அருவி, ரெண்டே கால் சரசு’?”

“என் சம்சாரம் சார்.”

“அவங்களை அருவியில நிக்க வெச்சியா?”

“இல்ல சார். மனசுல நிக்க வெச்சுப் பாத்தேன்.”

குணா சார் நோட்டை மூடி வைத்தார். சாயங்காலம் லயத்துக்கு வந்து, சரசுவைச் சுவரோரம் நிறுத்தி, டேப் பிடித்து அளந்துகொண்டு போனார். அதற்கப்புறம் எல்லா அருவியையும் அவரே அடிக்கணக்குக்கு மாற்றிக்கொண்டார். (அந்த லயத்தில் அரசாங்கம் டேப் போட்டு அளந்த ஒரே பொம்பளை தான்தான் என்று சரசுவுக்கு இன்றும் பெருமை.)

ஆறு தடை கண்டுபிடித்தோம். மூன்று அருவி, விழுந்து கிடந்த ஒரு மரம், தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கிற குட்டி அணை. (துரையின் அணைக்குச் சிவப்பு போட்டதற்காக என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.) ஆறாவது, ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போகிற லோரி ரோட்டுக்கு அடியில் போட்ட சிமெண்டுக் குழாய். அதன் வாய் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில், அரை சரசு உயரத்தில் தொங்கியது. கீழே மீன் முட்டி முட்டி விழும். பெருவெள்ளத்தில் மட்டும் கொஞ்சம் மீன் எம்பிக் குழாய்க்குள் போய்விடும். அப்படிப் போனவை மேலே ஒரு குழியில் தங்கியிருந்தன. வரைபடத்தில் குழாய்க்கு மேலே இருந்த ஒரே பச்சைப் புள்ளி அந்தக் குழிதான்.

குணா சார் எனக்குப் புரியும்படி சொன்னார். “மேலே மீன் இருக்குன்னு காட்டினாத்தான் குழாய்க்கு அடியில கல் படி கட்டுங்கன்னு மேலிடம் தோட்டத்துக்கு எழுதும். மீனே இல்லன்னா யாருக்குப் படி? அடுத்த வாரம் கோலாலம்பூர்லேர்ந்து எங்க பெரிய அதிகாரி, துவான், வர்றாரு. கண்ணால பாத்தாருன்னா படியும் வரும். ஆத்தைக் காவல் பாக்க ஒரு வாட்சர் வேலையும் வரும். உனக்கு நீல ஐ.சி., குடியுரிமைக் கார்டு, இருக்குல்ல? போதும்லா, நான் உன் பேரை எழுதிட்டேன்.”

அரசாங்க வேலை. முதுகில் பம்பு இல்லாத வேலை. அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.

துவானை ரிங்லெட் டவுனிலிருந்து கூட்டிவரக் கிளம்பும்போது குணா சார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “இடத்தைக் கொஞ்சம் பாத்துக்க மாணிக்கம். துவான் வழுக்கி விழாம இருந்தா சரி.”

இதை ஓர் ஈப்போக்காரனிடம் சொல்லியிருந்தால் பாசியைச் சுரண்டிவிட்டிருப்பான். தோட்டத்தில் பிறந்தவனிடம் சொன்னார். எங்களுக்குப் பெரிய ஆள் வருகிறார் என்றால் ஒரே அர்த்தம்தான்: சுண்ணாம்பு. ரோட்டோரக் கல், மரத்தின் இடுப்பு வரை, கொடிக்கம்பத்து மேடை, எல்லாவற்றுக்கும் வெள்ளை. ஒரு தடவை கம்பெனிப் பெரிய துரை வந்தபோது, அசையாமல் படுத்திருந்த நாய்க்கும் பாதி அடித்துவிட்டார்கள்.

காலையில் சரசு கொழுந்தெடுக்கக் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன்.

“ஓடைக்கா வெள்ளை?”

“துவான் கால் வெக்கிற கல்லுக்கு மட்டும்.”

“ஆத்துக்கு யாராச்சும் வெள்ளையடிப்பாங்களா?”

“துரை வந்தா மரத்துக்கு அடிக்கல?”

“அப்ப மீனுக்கும் ஒரு கோட்டு அடிச்சு விடுங்க. வர்றவருக்குப் பளிச்சுனு தெரியும்.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். மீனுக்கு அடிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தேன்.

ஓடையைத் தாண்டுகிற ஏழு கல்லுக்கும், குழியைச் சுற்றி இருந்த பாறைகளுக்கும் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கோயில் குளம் மாதிரி இருந்தது. வாட்சர் உத்தியோகம் கைக்கு வந்துவிட்டது போலவே தோன்றியது. அப்போதுதான் வாளியில் மீதி இருந்த சுண்ணாம்பைப் பார்த்தேன்.

ஸ்டோர் கணக்கெழுதுகிற கிராணி வாளி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: “கழுவாம கொண்டாந்தே, அடுத்த தடவ இந்தப் பக்கம் கால் வைக்காதே.” தேயிலையில் ஊற்றினால் செடி கருகும், துரை கேட்பார். ரோட்டில் ஊற்றினால் துவான் கண்ணில் படும். கவலையோடு சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழிக்கு மேலே இருந்த குட்டிச் சரிவில் வாளியைக் கவிழ்த்து, பிரஷையும் அலசி, இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். அவ்வளவு சுத்தமான வாளியை அந்த ஸ்டோர் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது.

ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். அந்தக் குழியில் தண்ணீர் ஓடாது, மெதுவாகச் சுற்றும். மீன் அங்கே தங்கியதே அதனால்தான். குணா சார் இதை எனக்கு நாலு தடவை சொல்லியிருந்தார்.

ஜீப் வந்தது. துவான் தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். வெள்ளைக் கல்லில் ஒவ்வொரு காலாக வைத்து வந்தார். வழுக்கவில்லை. என் வேலையை நான் சரியாகச் செய்திருந்தேன். ஆனால் குணா சார் கல்லைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

“மாணிக்கம்.”

“சார்.”

“தண்ணி ஏன் பால் மாதிரி இருக்கு?”

பதில் சொல்வதற்கு முன்னால் முதல் மீன் வந்தது. மேலே வந்து, மெதுவாகப் புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டியது. அப்புறம் இரண்டு. அப்புறம் நான்கைந்து ஒன்றாக. சரசு சொன்ன மாதிரியே பளிச்சென்று தெரிந்தது.

துவான் மலாயில் மெதுவாகக் கேட்டார், யார் செய்தது என்று. நான் கையைத் தூக்கினேன். முழங்கை வரை வெள்ளை.

என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. குணா சார் கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் ஒட்டியிருந்த முட்டைகள் சோற்றுப் பருக்கை மாதிரி வெளுத்திருந்தன. துவான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மீன் எண்ணுவது என் வேலை. நோட்டை எடுத்து எண்ணினேன். அத்தனை நாளும் மீன் குறுக்கும் நெடுக்கும் ஓடி, எண்ணிக்கை தப்பிப்போகும். அன்றைக்குத்தான் ஒரு தப்பும் வரவில்லை. நாற்பத்தொன்று. எதுவும் ஓடவில்லை.

சாயங்காலம் சரசு கேட்டாள், “என்னாச்சு?”

“மீனுக்கும் அடிச்சாச்சு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பிறகு வெகுகாலத்துக்கு அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மேலே மீன் இல்லாததால் படி வேண்டாம் என்று முடிவானது. மீன் இல்லாத ஓடைக்கு வாட்சரும் வேண்டாம் என்று முடிவானது. குணா சார் ஊருக்குக் கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டு, முடிந்த வரைபடத்தை விரித்துக் காட்டினார். பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் 7. கீழே குறிப்பில் ஒவ்வொரு தடையும் என்ன வகை என்று எழுதியிருந்தது. அருவி. அருவி. அருவி. மரம். அணை. குழாய். ஏழு: ஆள்.

“உள்ளதைத்தான் எழுதணும், மாணிக்கம்” என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிம்மதியும் இல்லை.

மறுநாள் பம்பு மறுபடி முதுகில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழாய்க்கு அடியில் கல் சுமந்து போட ஆரம்பித்தேன். ஒரு வெள்ளம் வந்தால் பாதி போய்விடும். மறுபடி போடுவேன். மூன்றாம் வருஷம் தண்ணீர் குழாய் வாய் வரை ஏறியது. மழை பிடித்தது. மீன் மேலே வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் போய் நின்றால் மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, இடுப்பில் பிள்ளையோடு சரசுவை அனுப்பினேன்.

திரும்பி வந்து, “இருக்கு” என்றாள்.

“எத்தனை?”

“இருக்குங்க.”

எனக்காகப் பொய் சொல்கிறாளோ என்று இன்றுவரை சந்தேகம். அவளும் இன்றுவரை எண்ணிக்கை சொல்லவில்லை.

இடுப்பிலிருந்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பஸ் வந்துவிட்டது. மண்டபப் படி ஈரமாக இருந்தது. யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று நான் வாசல் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். தாம்பாளத் தட்டுகளோடு அத்தனை பேரும் படியில் காத்து நிற்கிறார்கள். சம்பந்திக்கு முன்னால், மேளத்தையும் மீறி, பின்னாலிருந்து சரசுவின் குரல் கேட்டது.

“ஏழாம் நம்பர், கொஞ்சம் வழி விடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மேல ஏறணும்.”

எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கதையைப் பந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டு மாப்பிள்ளை பக்கமும் சிரித்தது. இப்போது மாப்பிள்ளையும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார், மாமாவைச் சேர்த்துக்கொண்டு: ‘ஏழாம் நம்பர் மாமா’.

அன்றைக்கு நான் உடனே நகர்ந்தேன். அந்த வரைபடத்தில் நகரத் தெரிந்த தடை நான் ஒருவன்தான்.