துணை ஆணையர் டாக்சி ஏறிய காலை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பெருநகர டாக்சி உரிமத் துறையின் துணை ஆணையர் அவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, தம் ஐம்பத்தெட்டு வருட வாழ்வில் முதன்முறையாக ஒரு டாக்சியில் ஏறத் திருவுளம் கொண்டார்.

'உரிமம் பெற்ற டாக்சி: பயணிகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்' என்ற கையேட்டை எழுதியவர் அவர்தான். அதற்கு முன்பும் பின்பும் அவர் போய் வந்ததெல்லாம் ஆபீஸ் ஜீப்பில். நீச்சல் தெரியாதவர் எழுதிய நீச்சல் புத்தகம் போலக் கையேடு மிக நன்றாகவே வந்திருந்தது. ஒரு வரியில்கூடத் தயக்கம் இல்லை.

அன்று ஜீப் டிரைவர் லீவு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் வழியில்லை. காரணம், அண்ணன்.

அண்ணனோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம், "இவன் டாக்சி ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கான்" என்று அவர் அறிமுகம் செய்துவிட்டார். அப்போது இவர் பதவி உயர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாள் ஆறு வருடத்தைத் தின்றுவிட்டது.

இப்போது அண்ணன், இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். எழுபத்தோரு வயது. இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. இங்கே ஒன்பது மணிக்கு இறங்கிப் பதினொன்றரைக்கு வேறு ரயில் மாறுகிறார். அந்த மகள்தான் நேற்று துணை ஆணையரின் மனைவிக்குப் போன் செய்து, "சித்தி, அப்பா செல்போன்கூட வச்சுக்கறதில்ல. சித்தப்பாவை எப்படியாவது ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

தெருமுனை ஸ்டாண்டில் ஏழு டாக்சிகள் நின்றன. முதல் வண்டியின் கதவை மனைவி திறந்தே விட்டாள். துணை ஆணையர் தடுத்தார். டிரைவரின் படம் ஒட்டிய அட்டை இடப்பக்க இருக்கையின் முதுகில் தொங்க வேண்டும். இங்கே வலப்பக்கம் தொங்கியது. அந்தப் பக்கம் மாட்டினால் ஏறுகிறவர்கள் முழங்காலால் இடிக்கிறார்கள் என்று டிரைவர் பணிவாகச் சொன்னார். இவர் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து வண்டி எண்ணைக் குறித்தார். டைரியைப் பார்த்ததும் டிரைவருக்குப் பெட்ரோல் போட வேண்டியது ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாவது வண்டியில் அட்டை சரியாக இருந்தது. மீட்டரின் சீல்தான் மங்கலாகத் தெரிந்தது. துணை ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுச் சீலின் எண்ணைப் படிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்ற டிரைவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சோதனைக்கு வருகிறவர்கள் எல்லாருமே அவர்களுக்கு இந்தக் கோணத்தில்தான் அறிமுகம். இவர் தலையை வெளியே எடுப்பதற்குள் மற்ற வண்டிகள் கலைந்துபோயிருந்தன. எடுத்த பிறகு அந்த வண்டியும் போனது.

"என்னங்க, நாம டாக்சி பிடிக்க வந்தோமா, டாக்சிக்காரங்களைப் பிடிக்க வந்தோமா?"

துணை ஆணையர் அசரவில்லை. தம் துறையின் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டார். சும்மா ஒரு டாக்சி அனுப்பு என்று கேட்டிருக்கலாம். பதவியைச் சொல்லி, தான் ஸ்டாண்டில் நேரில் நிற்பதாகவும், இங்கே ஒரு வண்டிகூட இல்லை என்றும், உடனே கவனிக்கும்படியும் சொன்னார். போனை எடுத்த விசுவாசமான ஊழியர் உடனே கவனித்தார். பெரிய ஐயாவே களத்தில் இறங்கியிருக்கிறார், எல்லாரும் ஜாக்கிரதை என்று வயர்லெஸ்ஸில் நகரம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அந்தச் சாலையில் டாக்சி என்ற இனமே அற்றுப்போனது.

மணி பத்தே கால். தனியார் கார் ஒன்று வந்து நின்றது. ஸ்டேஷன் என்றால் ஏறுங்கள் என்றான் ஓட்டியவன். மனைவி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"உரிமம் இல்லாத வண்டி. ஏறக்கூடாது."

"உங்க அண்ணன் போற ரயிலுக்கு உங்க ரூல் தெரியுமாங்க?"

அப்படிப்பட்ட காரில் ஏறி எங்கோ இறக்கிவிடப்பட்ட பெண்களின் புகார்களை அவர் படித்திருக்கிறார். பன்னிரண்டில் அந்த ஒரு அறிவுரையை மட்டும் உண்மையான கவலையோடு எழுதியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி காலை வெளியே எடுத்தாள். அவர் சொன்னது சரிதான். அவரிடம் உள்ள தொல்லையே அதுதான். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

அடுத்த ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அவர் வாய்க்குள் எதையோ ஒத்திகை பார்ப்பதை மனைவி கவனித்தாள். "எப்படி இருக்கீங்கண்ணே" என்று தொடங்கி, அதோடு நின்று, மறுபடியும் அதையே தொடங்கினார். ஆயிரம் சுற்றறிக்கை எழுதிய மனிதருக்கு இரண்டாவது வாக்கியம் வரவில்லை.

கடைசியில் ஒரு பழைய டாக்சி நின்றது. வயர்லெஸ் கெட்டு மாதக்கணக்கானதால் அந்த டிரைவருக்கு ஊர் நிலவரம் எட்டவில்லை. அதுவும் விதிமீறல்தான். துணை ஆணையர் அட்டையையும் பார்க்கவில்லை, சீலையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பிளாட்பாரம் காலியாக இருந்தது.

வீடு திரும்ப வெளியே வந்தால், டாக்சி வரிசையில் முப்பது பேர். மேஜை போட்டுப் பெயர் எழுதும் கிளார்க் நிமிராமலே, வரிசையில் நிற்கச் சொன்னார். ஒன்பது மணியிலிருந்து ஒரு வண்டிகூட இந்த வரிசைக்கு வரவில்லையாம். ரயில் மாற வந்த ஒரு பெரியவர், நடுவில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வரிசையின் முதல் ஆளாக நின்றதுதான் பாவமாக இருந்ததாம்.

மனைவிதான் கேட்டாள். "அவர் எங்க போகணும்னு எழுதியிருக்கீங்க?"

கிளார்க் விரலால் தடவிப் படித்தார். "பழைய நூலகத் தெரு, பதினேழு."

அது அவர்கள் வீடு. பதினொன்றரைக்குத்தானே ரயில், அவர் கடைசிவரை இங்கேயே நின்றாரா என்று துணை ஆணையர் கேட்டார்.

"இல்லைங்க, பத்தரைக்கே போயிட்டார். வண்டி ஏன் வரலைன்னு கேட்டார். யாரோ ஒரு ஆபீசர் டாக்சிக்குள்ள தலையை விட்டு மீட்டர் சீலைப் படிச்சிட்டிருக்காராம்னு டிரைவருங்க போன்ல சொன்னதைச் சொன்னேன். சிரிச்சார். 'அது என் தம்பியாத்தான் இருக்கும். அப்ப வீட்டுல இருக்க மாட்டான்'னு சொல்லிட்டு, உள்ள போய் உட்கார்ந்துட்டாருங்க."